இமயத்துப் பனியும் மரக்காணத்து உப்பும்

நம் தமிழில் ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது. மார்கழி மாதத்து விடியற்காலையில் வைக்கோற்போரை நனைத்துப் பாட்டிமார்களுக்கு இருமலை வரவழைக்கிறதே, அதற்கும் பெயர் பனி. கைலாசத்தின் சிகரத்தில் யுகயுகமாக உறைந்து கிடக்கிறதே, அதற்கும் பெயர் பனிதான். இரண்டாவது பனியைக் கண்ணால் பாராமலே நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காலங்கழித்து விடுகிறோம். பத்ரிநாத யாத்திரை போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. ஆகவே, "இமயமலையில் பனி குறைந்திருக்கிறது, அதனால் மழை அதிகமாகலாம்" என்று பத்திரிகையில் படித்தால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வருவது இயற்கைதான்.

2025-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கிளியனூருக்குப் போயிருந்தேன். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற சாலையில் உள்ள ஊர் அது. நேயர்களில் பலர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அதைக் கடந்திருப்பீர்கள். முன்னாளில் தென்னாற்காடு ஜில்லா. இந்நாளில் விழுப்புரம் ஜில்லா. மேற்கே நெல்லும் மணிலாக் கொட்டையும் விளைகின்றன. கடற்பக்கம் போனால் சவுக்குத் தோப்புகள். வடகிழக்கே போனால் கழுவேலி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும். மழையை எதிர்பார்த்துப் பிழைப்பவர்களும், மழை வராதிருக்க வேண்டுமென்று பிழைப்பவர்களும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பிரதேசம் அது.

நான் போன வீட்டிலேயே அதற்கு அத்தாட்சி இருந்தது. பெண்ணின் தகப்பனார் விவசாயி. அவருடைய மைத்துனர் மரக்காணத்தில் அளம் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு திண்ணைக்கு வந்தது. கூடவே பத்திரிகையும் வந்தது. அந்த வாரத்தில்தான் இந்திய வானிலை இலாகா அவ்வருஷத்துத் தென்மேற்குப் பருவ மழை வழக்கத்தில் 105 சதவிகிதம் இருக்குமென்று அறிவித்திருந்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஜனவரியிலிருந்து மார்ச்சு வரையில் ஐரோப்பா ஆசியா நிலப்பரப்பில் பனிப்போர்வை குறைவாயிருந்தது என்பது.

"பார்த்தாயா மாப்பிள்ளை? வடக்கே பனி குறைந்துவிட்டதாம். மழை உண்டு என்கிறார்கள். ஆடியில் தைரியமாக மல்லாட்டை போட்டுவிடலாம்" என்றார் விவசாயி. (மணிலாக் கொட்டை என்பதை அந்தப் பக்கத்து நாக்கு அப்படித்தான் மென்று வைத்திருக்கிறது.)

"உங்களுக்கென்ன மாமா! உங்களுக்கு மழை உண்டு என்றால் எனக்கு உப்பு இல்லை என்று அர்த்தம். அது போகட்டும், பனி எங்கே கிடக்கிறது, என் பாத்தி எங்கே கிடக்கிறது? இதெல்லாம் நம்புகிற பேச்சா?" என்றார் மைத்துனர்.

அவருக்கு மழையின் மேல் கோபம் இருந்ததில் ஆச்சரியமில்லை. அதற்கு முந்திய கார்த்திகையில், அதாவது 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறிற்று. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர், அதாவது இருபது அங்குல மழை கொட்டிவிட்டது. அளங்களும் தண்ணீரில் முழுகிப் போயின. வரப்புகளைத் திரும்பக் கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உப்பைக் கண்ணால் பார்ப்பதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டதாம்.

"பத்திரிகையில் எழுதுகிற ஐயாவைக் கேட்போம்" என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர்களுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பனி மழையைத் தடுப்பது எப்படி என்பதை உப்பு விளைவிக்கிறவருக்குச் சொல்லுவது வெகு சுலபமாயிருந்தது. வெயிலில் குவித்திருக்கும் உப்பு அம்பாரத்தை நண்பகலில் நிமிர்ந்து பார்க்க முடிகிறதா? கண் கூசுகிறது. தன்மேல் விழுந்த வெளிச்சத்தை அது நம் முகத்திலேயே திருப்பி எறிந்துவிடுகிறது. புதிதாக விழுந்த பனியும் அப்படித்தான். சூரியன் கொடுப்பதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஆகாயத்துக்கே திருப்பி விடுகிறது. மிச்சமுள்ள கொஞ்சம் உஷ்ணமாவது நிலத்தைச் சுட வைக்குமா என்றால், அதுவும் இல்லை. பனியை உருக்குவதற்கே அது செலவாகிவிடும். ஒரு கிராம் பனிக்கட்டியைத் தண்ணீராக்க 80 கலோரி உஷ்ணம் வேண்டும். அதே உஷ்ணத்தைக் கொண்டு, உருகி வந்த அந்தத் தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து எண்பது டிகிரிக்குக் கொதிக்காத குறையாகக் காய்ச்சிவிடலாம்! உருகிய பிறகும் விடுதலை இல்லை. நிலம் ஊறிச் சொதசொதவென்று கிடக்கும். அந்த ஈரத்தை ஆவியாக்கி முடிக்கிற வரையில் வெயிலுக்கு வேறு வேலை ஓடாது.

இதைக் கேட்டவுடன் மைத்துனர் துள்ளி எழுந்தார். "அட! பாத்தியில் உப்புப் பூத்து வரும் சமயத்தில் ஒரு மழை விழுந்தால் எங்களுக்கு நடப்பதும் இதுதானே? அந்தத் தண்ணீர் வற்றுகிற வரையில் எத்தனை நாள் வெயிலடித்தாலும் ஒரு கல் உப்பு விழாது. வெயிலெல்லாம் பழைய கடனுக்குப் போய்விடும்" என்றார்.

விஞ்ஞானிகள் பல பக்கம் எழுதுவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மலையிலும் மத்திய ஆசியாவிலும் பனி மிகுதியாக விழுந்து, தாமதமாக உருகினால், வசந்த காலத்து வெயில் முழுவதும் பழைய கடனுக்குப் போகிறது. வைகாசி, ஆனி மாதங்களில் நிலம் கொதிக்க வேண்டிய அளவுக்குக் கொதிப்பதில்லை. நிலம் கொதித்து, சமுத்திரம் அதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே ஓடி வரும். அந்த வித்தியாசம் குறைந்தால் பருவக்காற்று சோர்ந்துவிடும். சோர்ந்த காற்று முதலில் கைவிடுவது கடைசி வீட்டுக்காரனைத்தான். அந்தக் கடைசி வீடு ராஜபுதனம், பஞ்சாப், சிந்து ஆகிய வறண்ட வடமேற்கு நாடு. பனி குறைவானால் கதை தலைகீழாகும். எப்போதும் வறண்டிருக்கும் அந்தப் பூமியில், மாதங்கள் கழித்துப் பெருமழை கொட்டக்கூடும்.

குளிர்காலத்து அடையாளத்தைப் பார்த்து மழைக்காலத்தைச் சொல்வது நமக்குப் புதிதன்று. மார்கழி மாதத்தில் கர்ப்போட்டம் பார்ப்பது நம் கிராமங்களில் வெகுகாலமாக உள்ள வழக்கம். மேகம் அப்போது கர்ப்பம் தரித்து 195 நாள் கழித்துப் பிரசவிக்கிறது என்று வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கணக்கே கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கு பலிக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் குளிர்காலத்தில் நடப்பதைப் பூமி ஞாபகம் வைத்துக்கொண்டிருந்து ஆறு மாதம் கழித்துப் பதில் சொல்லும் என்ற எண்ணம் இருக்கிறதே, அது அலட்சியம் செய்யத் தக்கதல்ல.

அந்த எண்ணத்தை அளவுகோலும் அட்டவணையுமாகக் கையில் எடுத்துக்கொண்டவர் ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். முதலில் பூகர்ப்ப சாஸ்திரியாக இருந்தவர். 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டபோது அதற்குத் தலைவரானார். அவர் உட்கார்ந்த மறு வருஷமே தாது வருஷம் பிறந்தது.

தாது வருஷப் பஞ்சம் என்றால் இன்றும் நம் கிழவிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். 1876 முதல் 1878 வரையில் அந்தப் பஞ்சத்துக்கு இரையானவர்கள் குறைந்தபட்சக் கணக்கிலேயே ஐம்பது லட்சத்துக்கு மேல். சென்னை ராஜதானிதான் அதிகமாக அடிபட்டது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்க நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் துரை கணக்குப் போட்டார். அப்படி வேலை செய்தவர்களைக் கொண்டுதான் சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அந்த வெட்டினால் வடக்கேயும் தெற்கேயும் துண்டாகக் கிடந்த கால்வாய்கள் ஒன்றாகி, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. வடக்கே காக்கிநாடாவில் தொடங்கும் அந்த நீர்வழி தெற்கே வந்து முடிகிற இடம் எது தெரியுமா? மரக்காணம்! நம் மைத்துனருடைய அளத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். ஒரு காலத்தில் அந்தக் கால்வாய் வழியாகப் படகுகளில் உப்பும் விறகும் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் சர்க்காருக்கு மழையை முன்கூட்டி அறியவேண்டுமென்ற அக்கறை பிறந்தது. பிளான்போர்டு பழைய குறிப்புகளைப் புரட்டினார். இமயமலையில் பனி மிகுந்து, தாமதமாக விழுந்த வருஷங்களில் வடமேற்குச் சமவெளியில் வறண்ட காற்று நீடித்து, மழை பின்வாங்குவதைக் கவனித்தார். 1882 முதல் 1885 வரையில் பரீட்சார்த்தமாகச் சொல்லிப் பார்த்தார். 1884-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்குத் தம் ஆராய்ச்சியை எழுதினார். 1886-ஆம் வருஷம் ஜூன் 4-ந் தேதி இந்தியாவுக்கும் பர்மாவுக்குமாக முறையான பருவமழை முன்னறிவிப்பு முதன்முதலாக வெளிவந்தது. ஒரு தேசத்தின் பருவ மழையை மாதங்களுக்கு முன்பே சர்க்கார் அச்சிட்டுச் சொல்லும் வழக்கத்துக்கு அஸ்திவாரம் போட்டது இமயமலைப் பனி என்று சொன்னால் மிகையாகாது.

அஸ்திவாரம் என்றுதான் சொன்னேன். கோபுரம் சரிந்ததும் உண்டு. பிளான்போர்டுக்குப் பின் வந்தவர்கள் பனியோடு இன்னும் பல அடையாளங்களைச் சேர்த்தார்கள். அப்படியும் 1899-ல் முன்னறிவிப்பு அடியோடு பொய்த்தது. ராஜபுதனத்தில் அது விக்கிரம சகாப்தம் 1956-ஆம் வருஷம். 'சப்பனியா' பஞ்சம் என்று அங்குள்ளவர்கள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். நாம் தாது வருஷத்தைச் சொல்லுவது போலத்தான்.

அதற்குப் பிறகு 1904-ல் இலாகாவின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் கேம்பிரிட்ஜ் கணித மேதை. மேகத்தைப் பார்க்காமல் எண்களைப் பார்த்தார். இந்திய குமாஸ்தாக்களை வரிசையாக உட்கார வைத்து, மே மாதக் கடைசியில் இமயமலையில் எஞ்சியிருக்கும் பனி, மொரிஷியஸ் தீவின் காற்றழுத்தம், ஜான்சிபாரில் பெய்த மழை, தென் அமெரிக்காவின் காற்றழுத்தம் என்று உலகத்தையே கூட்டிப் பெருக்கச் செய்தார். இதே வாக்கர்தான் 1913-ல் சென்னைத் துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அசந்துபோய், அவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்கவேண்டுமென்று சென்னை சர்வகலாசாலைக்கு எழுதினார். குமாஸ்தாவின் பெயர் ராமாநுஜன். மழைக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

வாக்கரின் கணக்குகளில் பனியைவிடப் பெரியதொன்று அகப்பட்டது. பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் தராசுத் தட்டுப் போல ஏறி இறங்குகிறது என்பதுதான் அது. இன்று 'எல் நினோ' என்று குழந்தைகள்கூடச் சொல்லுகிறார்களே, அந்தச் சமுத்திரச் சூட்டோடு கைகோத்து நடப்பது இந்தத் தராசு. தாது வருஷப் பஞ்சத்தின் பின்பாதியில், 1877-78-ல், மிகக் கடுமையான எல் நினோ இருந்ததென்று பிற்பாடு தெரிய வந்தது. பாவம், பிளான்போர்டுக்கு இது தெரிய வழியில்லை. அவர் பார்த்த பனி உண்மைதான். ஆனால் திரைக்குப் பின்னால் இன்னொரு ஆசாமி நின்றுகொண்டிருந்தான்.

பனிக்கு மறுபடி மவுசு வந்தது செயற்கைக் கோள்கள் பறக்க ஆரம்பித்த பிறகு. மலை உத்தியோகஸ்தர்கள் எழுதியனுப்பும் குறிப்பை எதிர்பாராமல், ஆகாயத்திலிருந்தே பனிப்போர்வையை அளக்க முடிந்தது. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு 1976-ல் ஹான் என்பவரும், ஐக்கிய மாகாணத்துப் பல்லியா ஜில்லாவில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும், குளிர்காலப் பனி மிகுந்தால் இந்தியாவில் மழை குறைகிறதென்று எடுத்துக் காட்டினார்கள். 1988 முதல் நமது வானிலை இலாகா கையாண்ட பதினாறு அடையாளங்கள் கொண்ட சூத்திரத்திலும் இமயப் பனிக்கும் ஐரோப்பா ஆசியப் பனிக்கும் இடம் இருந்தது. பதினாறு சாட்சிகளும் 2002-ல் நல்ல மழை என்று சொன்னார்கள். மழையோ வழக்கத்தில் 81 சதவிகிதத்தோடு நின்றது. மறு வருஷமே சூத்திரத்தை மாற்றிவிட்டார்கள்.

ஆகையால் பனி ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. அண்மையில் மூன்று வருஷங்கள் இதை அழகாகக் காட்டின. 2023-ல் பிப்ரவரி, மார்ச்சில் பனி குறைவு. நல்ல மழைக்கு அறிகுறி. ஆனால் எல் நினோ வந்து குறுக்கே நின்றது. அவ்வருஷ ஆகஸ்டு 1901-க்குப் பின் கண்டிராத வறட்சி மாதமாயிற்று. பருவம் முடிவில் 94 சதவிகிதம். 2024-லும் பனி குறைவு, எல் நினோ விலகிற்று, மழை 108. 2025-ல் பசிபிக் எந்தப் பக்கமும் சாயவில்லை. காத்மாண்டுவில் உள்ள சர்வதேச மலைவள அபிவிருத்தி ஸ்தாபனம், இந்துகுஷ் இமயமலைப் பிரதேசத்தில் பனி தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவிகிதம் குறைவு என்றும், 23 வருஷங்களில் இவ்வளவு குறைந்ததில்லை என்றும் தெரிவித்தது. அவ்வருஷமும் மழை 108 சதவிகிதம். ஆனால் நாடு முழுவதுக்குமான கணக்கு அது. வடமேற்கு இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் 27 சதவிகிதம் அதிகம். பஞ்சாபில் 1988-க்குப் பின் காணாத வெள்ளம். பனி ஒன்றினாலேயே இவ்வளவும் நேர்ந்ததென்று யாரும் சொல்லவில்லை. மேற்கேயிருந்து வரும் காற்றுச் சுழல்களும் பருவமேகத்தோடு கலந்துகொண்டன. எனினும் பிளான்போர்டு எந்த வறண்ட மூலையைச் சுட்டிக் காட்டினாரோ, அந்த மூலையில்தான் கொட்டிற்று.

அந்த மூலைக்கும் அப்பால் லடாக் இருக்கிறது. வருஷம் முழுவதும் சேர்ந்து நான்கு அங்குலம் மழை கண்டால் அதிகம் என்கிற குளிர்ப் பாலைவனம். அங்கே வீடுகள் மண்ணால் ஆனவை. கூரையும் மண்தான், தட்டையானது. பனி விழுந்தால் பெருக்கித் தள்ளிவிடலாம். மழை விழுந்தால் என்ன செய்வது? 2010 ஆகஸ்டில் லே நகரத்தில் ஓரிரவில் அடித்த மழையில் மண்ணும் கல்லுமாக மலை இறங்கி வந்து, இருநூறுக்கு மேற்பட்டவர்களை விழுங்கிவிட்டது. 2025-ல் லடாக்கில் பெய்த பருவமழை வழக்கத்தைவிட 342 சதவிகிதம் அதிகம். பனியை நம்பி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி வந்த ஜனங்கள் அவர்கள். பனி வேண்டிய காலத்தில் குறைந்து, மழை வேண்டாத காலத்தில் கூடினால், வீட்டையும் வயலையும் எதை நம்பி அமைப்பது? உலகம் சூடேறச் சூடேற இந்தக் கேள்வி அவர்கள் கதவை அடிக்கடி தட்டத்தான் போகிறது. பனிக்கும் மழைக்கும் இருந்த பழைய உறவுகூட இந்த முப்பது வருஷங்களில் தளர்ந்துவிட்டதென்று வானிலை நிபுணர்கள் சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். சாட்சியே நிறம் மாறிக்கொண்டு வருகிறது.

கிளியனூர்த் திண்ணைக்குத் திரும்புவோம். "அதெல்லாம் சரி, என் மல்லாட்டைக்கு மழை உண்டா, இல்லையா?" என்று விவசாயி விடாப்பிடியாகக் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை.

பருவக்காற்று வடக்கே செம்மையாக நடக்கும்போது ராஜபுதனத்துக்கும் டில்லிக்கும் மழை. நமக்கு மேற்கு மலை மறைப்பாக நிற்பதால் பெரும்பாலும் வறண்ட காற்றுத்தான். அந்தக் காற்று சோர்ந்து, மழைப் பட்டை இமயமலையின் அடிவாரத்துக்கு ஒதுங்கி, நடு இந்தியா வாய் பிளந்து நிற்கும் நாட்கள் உண்டு. அப்போது ஒரு பக்கம் மலையடிவாரத்திலும், இன்னொரு பக்கம் நம் தமிழ்நாட்டிலும் இடிமழை கூடுகிறது. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் மேற்கே கறுத்து, இரவில் கொட்டுகிறதே, அந்த மழைக்கு இது நல்ல சமயம். ஆகவே வடக்கே பனி குறைந்து காற்று பலத்தால், கிளியனூரின் ஆடி மழைக்கு அதனால் லாபம் என்று சொல்ல முடியாது. சற்று நஷ்டமாகவும் இருக்கலாம்.

"அப்படியானால் எனக்கல்லவா லாபம்!" என்று மைத்துனர் முழங்காலில் தட்டிக்கொண்டார்.

"ஐப்பசி வரட்டும் மாப்பிள்ளை, அப்புறம் பேசு" என்றார் மாமா.

அவர் சொன்னது நியாயந்தான். கடலோர ஜில்லாக்களுக்கு வருஷத்து மழையில் சுமார் அறுபது சதவிகிதம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவிலிருந்து வருவது. அதை ஆளுவது சமுத்திரத்தின் சூடும் விரிகுடாவின் புயல்களும். வடக்கே பருவமழையைக் கெடுக்கிற எல் நினோகூட நமக்கு அப்போது பெரும்பாலும் அநுகூலம் செய்கிறது. ஃபெஞ்சலை அனுப்பியது இமயமலை அல்ல. இமயத்துப் பனிக்கும் மரக்காணத்துப் பாத்திக்கும் நடுவே இழை இல்லாமலில்லை. ஆனால் அது பல கைகள் மாறி, பல முடிச்சுகள் விழுந்து வருகிற இழை. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விதைக்கவோ, இன்னொருவர் உப்பு அம்பாரத்தை மூடாமல் விடவோ கூடாதென்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஐப்பசியில் அந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மைத்துனர் கடைசி அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டாராம். மாமா ஆடியில் பாதி நிலத்தில் மட்டும் மல்லாட்டை போட்டாராம். அந்தச் சித்திரை மாதத்துப் பத்திரிகைத் துண்டை இரண்டு பேரும் சேர்ந்து எறவாணத்தில் செருகி வைத்திருக்கிறார்கள், அடுத்த வருஷத்துப் பத்திரிகையோடு ஒத்துப் பார்ப்பதற்காக.